பொய் சொல்லாதவர் வாங்கிய ஹெட்போன்

பெரியப்பா செத்ததற்கு ஊர்ப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். மலைக்கு வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் கறுப்பு ஹெட்போன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்த மாதிரி வேறு போட்டோ கிடைக்கவில்லையாம். மேலே பெரிய எழுத்தில் 'பொய்யே பேசாத பெருமகனார்' என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பெயர். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேனரில் எழுதியதே அவருக்குப் போதும்.

எனக்கு வயிறு எரிந்தது. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தனக்கென்று ஒரு ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தபோது பக்கத்தில் நின்றவள் நான். எதற்காக வாங்கினார் என்பது எனக்குத் தெரியும், என் அக்காவுக்குத் தெரியும். திருப்பத்தூரில் விற்ற கடைக்காரருக்கும் கொஞ்சம் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதே பேனரைத்தான் கட்டியிருப்பார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், பேனரில் எழுதியிருந்தது அநியாயப் புகழ்ச்சி இல்லை. பெரியப்பா நிஜமாகவே பொய் சொல்லாதவர். ஆடு வாங்க வியாபாரி வந்தால், அவர் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குள் இவரே முந்திக்கொண்டு, "இது விடிகாலையில இருமுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிடுவார். பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"உன்னை எவன் கேட்டான்?"

"கேக்கலன்னா இன்னா? சொல்லாம வித்தா அதுவும் பொய்தான்" என்பார்.

எங்கள் அப்பா இறந்தபோது நான் சின்னப் பெண். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவார் என்று ஆளாளுக்கு என்னிடம் கதை விட்டார்கள். பெரியப்பாதான் என்னைத் தூக்கி மடியில் உட்காரவைத்துச் சொன்னார்: "உங்கப்பன் செத்துட்டான் பாப்பா. இனிமே வரமாட்டான். நான் கீறேன்." அழுது தீர்த்தேன். ஆனாலும் அன்றைக்கு என்னை ஏமாற்றாத ஒரே ஆள் அவர்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாமை மூட்டை வராமல் போன வருஷம் கிடையாது. நான் மலை இறங்கிப் படித்ததும் அவர் தயவுதான். அவர்மேல் எனக்கு ஒரு காலத்தில் உயிராக இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் ஊர்க்காரர் ஒருவர் காட்டில் சந்தன மரம் வெட்டிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் அந்தப் பேச்சு எடுத்தாலே பெரியப்பா துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். குளிர்காலம்கூட இல்லை. வனத்துறைக்காரர்கள் விசாரிக்க வந்தபோது நேராக அவரிடம்தான் வந்தார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர் நிமிர்ந்து நின்று சொன்னார்: "ஐயா, என் கண்ணு பாக்கல. என் காது கேக்கல. சாமி சத்தியம்."

அவர்கள் போய்விட்டார்கள். வெட்டின ஆள் பெரியப்பா காலில் விழாத குறை. "பொய்யும் சொல்லாம ஊரையும் காப்பாத்திட்டாருய்யா" என்று எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் கூடச் சேர்ந்து குதித்தேன். தெரிந்ததை மறைத்தால்தானே பொய்? தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? அன்றைக்கு அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த இடத்தில் பெண்ணுக்குக் கஷ்டம் என்றால் அவள் நேராகப் பஞ்சாயத்தில் போய் நிற்க முடியாது. முதலில் பிறந்த வீட்டு வகையறாப் பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் தட்டிக்கழிக்க முடியாது. அடுத்த கூட்டத்தில், காளியம்மன் கோயில் முன்னால், அவரே எழுந்து நின்று "என் காதுல இப்பிடி விழுந்துது" என்று ஆரம்பித்தாக வேண்டும். அவர் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். புருஷனுக்குப் புத்தி சொல்வதோ, உறவைத் தீர்த்துவிட்டுப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதோ அதற்குப் பிறகுதான். எங்கள் வகையறாவுக்குப் பெரியவர் பெரியப்பாதான்.

அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பெண் பார்க்க வந்தவர்கள் காபி தம்ளரைக் கீழே வைப்பதற்குள், "பொண்ணுக்கு முழங்காலுக்கு மேல தீப்பட்ட வடு ஒண்ணு கீது. சின்ன வயசுல அடுப்புல வுழுந்துட்டா. சொல்லாம குடுத்தா பொய்யாயிடும்" என்று சொல்லிவிட்டார். அக்கா உள்ளே கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பரவாயில்லை என்றார்கள். தங்கமான மனுஷன் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்களாம்.

சரி, நம் பெண்ணைப் பற்றி இவ்வளவு கறாராக உண்மை பேசியவர், மாப்பிள்ளையைப் பற்றி எங்கேயாவது விசாரித்தாரா? மாப்பிள்ளை ஊர் பக்கத்து மலைச்சரிவில்தான் இருந்தது. ஒரு எட்டு நடந்து போய் யாரையாவது கேட்டிருந்தால் அவன் குடிப்பதும், கை நீட்டுவதும், முன்பே ஒருத்தி அவனை விட்டு ஓடியதும் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் எங்களிடம் சொல்ல வேண்டி வந்திருக்கும். பேசி முடித்த கல்யாணம் நின்றிருக்கும். அதனால் அவர் போகவில்லை. அவனை நான் மாமா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அக்கா பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள். முதுகைத் திருப்பி ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். நான் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். "ஸ்டேசனுக்குப் போனா ரெண்டு ஊர்லயும் நம்மளைச் சேக்க மாட்டாங்க. பெரியப்பன் காதுல போட்டா முடிஞ்சிடும்டி" என்றாள் அம்மா. அதற்காக அவள் எத்தனையோ தடவை போய் வந்திருந்தாள். அவள் "பெரியவளைப் பத்தி ஒரு பேச்சு" என்று தொடங்கினாலே பெரியப்பா எழுந்துவிடுவார். ஆடு வெளியே போய்விட்டதென்பார். ஆடு நிஜமாகவே வெளியே போயிருக்கும். கதவை அவரே திறந்துவிட்டிருப்பார். இல்லையென்றால் சாமை குத்துகிற மிஷின் ஓடுகிற இடத்தில் போய் நின்றுகொள்வார். அந்த இரைச்சலில் அம்மா கத்திப் பார்த்துவிட்டு வீடு திரும்புவாள். "மிசின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா, அப்புறம் வா" என்பார். அதுவும் உண்மைதான்.

அக்கா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. அந்த ஆளிடமிருந்து தீர்த்துவிட்டால் போதும், கம்பங்கூழ் குடித்துக்கொண்டு அம்மாவோடு கிடப்பேன் என்றாள். அதற்கு ஒரு மனிதர் ஒரு பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நான் அப்போது திருப்பத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரே அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் பேசுவார்கள். படிக்கவும் பாட்டுக் கேட்கவும் காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று வைத்திருந்தேன். லீவுக்கு வந்தபோது அதை மாட்டிக்கொண்டு போனில் உருண்டை உடைக்கிற கேம் ஆடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. தோளைத் தட்டினார். திட்டப்போகிறார் என்று பயந்து கழற்றினேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"கூப்பிட்டது நெசமாவே கேக்கலியா?"

"இல்ல பெரியப்பா. இது போட்டா வெளிச்சத்தம் வராது."

"வெளையாடாதே. சொல்லு, சத்தியமா கேக்கலியா?"

"நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டார். பாட்டை ஓடவிட்டேன். எதிரே பெரியம்மா ஏதோ காரணத்துக்கு அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவளுடைய வாய் மட்டும் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. எவனோ பையன் அதைப் போட்டோ எடுத்தான். பேனரில் இருப்பது அந்தச் சிரிப்புதான். கழுத்தில் கிடப்பது என்னுடைய ஹெட்போன்; தனக்கென்று அவர் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

அடுத்த வாரமே மலை இறங்கினார். ஆலங்காயத்தில் பஸ் மாறி, திருப்பத்தூர் வந்து, ஹாஸ்டல் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த செல்போன் கடைக்கு அழைத்துப் போனேன். நான் அழைத்துப் போனதால்தானே என்று அம்மா பின்னால் ஒருமுறை முணுமுணுத்தாள். அதற்கெல்லாம் நான் தலை கொடுக்க மாட்டேன். நான் இல்லாவிட்டால் கடைக்கு வழி கேட்க அவருக்கு வாய் இல்லையா?

கடைக்காரர் நல்ல மனிதர். "பெரியவருக்கு எதுக்குங்க? பாட்டு கேக்கவா, கேம் ஆடவா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்தான். ஆனா வெளிச்சத்தம் வரக் கூடாது. அதான் முக்கியம்" என்றார் பெரியப்பா.

கடைக்காரர் முதலில் காதுக்குள் செருகுவதை எடுத்தார். ரப்பர் முனையை அளவு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். "காதுல பூச்சி பூந்தாப்ல கீது. ஒருநாளைக்கு மேல தாங்காது" என்று பிடுங்கிப்போட்டார். அடுத்து வயர் இல்லாத ஒன்று, பேட்டரியில் ஓடுவது. சத்தத்தைத் தானாகவே அடக்குமாம்.

"பஸ்ல போறப்போ இன்ஜின் சத்தம், ஃபேன் சத்தம், மெஷின் சத்தம் எல்லாம் சூப்பரா அமுக்கிடும்ங்க."

"மனுசங்க பேசுறது?"

"அது கொஞ்சம் கேக்கும். ஒரே மாதிரி வர்ற சத்தத்தைத்தான் இது நல்லா அமுக்கும். பேச்சு ஏறி எறங்கி வரும்ல."

"இன்ஜின் சத்தம் எனக்கு இன்னா பண்ணுச்சு? இது வேணாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் போன் கவர்களைப் பார்ப்பது மாதிரி நின்றேன். இன்னொன்றைக் காட்டி, "ப்ளூடூத்ல கேம் ஆடினா சத்தம் ஒரு துளி லேட்டா வரும். உருண்டை உடைஞ்ச அப்புறம்தான் டப்புனு கேக்கும். உங்களுக்குப் பரவால்லியா?" என்றார். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. நடந்தது ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம் என்றால் அது ஏமாற்று வேலை என்றார். வயர் வைத்ததே போதும் என்று முடிவாயிற்று. அப்படித்தான் என்னுடையதைப் போலவே ஒரு கறுப்பு ஹெட்போனுக்கு வந்தார்கள். தடித்த மெத்தை, காதுமடல் முழுக்க உள்ளே போய்விடும், தலையை இறுக்கிப் பிடிக்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு குறுக்கே இருந்தால் இடுக்கு வழியாகச் சத்தம் வரும் என்று கடைக்காரர் சொன்னதும், கண்ணாடியைக் காதுக்கு மேலே தூக்கி மாட்டி, மெத்தையை அழுத்திப் பார்த்தார். சம்மந்தி வீட்டைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கவில்லை.

பாட்டை ஓடவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நீ எதுனா பேசு. சும்மா வாயை அசைக்காத. நெசமாவே சத்தமாப் பேசு. அப்பத்தான் எனக்குத் தெரியும்."

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பெரியப்பா, அக்காவை அவன் அடிக்கிறான். கல்யாணம் ஆன மாசத்துலேர்ந்து அடிக்கிறான். பெல்ட்டால அடிக்கிறான். முதுகு பூரா தடிச்சிருக்குது. அவ செத்துப்போயிடுவா பெரியப்பா. கூட்டத்துல சொல்லுங்க. அவளைக் கூட்டிட்டு வந்துடுங்க."

அழுதுவிட்டேன். கடைக்காரர் கையில் இருந்த அட்டைப்பெட்டியை அப்படியே கீழே வைத்தார். பெரியப்பா என் வாயையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒண்ணும் கேக்கல. ஒரு சொல்லுகூட வுழல. அருமையா கீது. இதையே போடுப்பா."

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "கடையில நான் இன்னா சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா பெரியப்பா? அழுதேனே, பாத்தீங்கதானே?"

"அது டெஸ்ட்டுக்குப் பேசினதும்மா" என்றார். அவருடைய பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனக்குக் கையசைத்தார். அந்தக் கையை நான் எத்தனை முறை பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அன்றைக்கு அதை முறித்துப்போட வேண்டும் போல இருந்தது.

ஊருக்குப் போனதும் அவர் எதையும் மறைக்கவில்லை. எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "யாரு பேசினாலும் கேக்காது. அதுக்குத்தான்" என்று சொன்னார். எல்லோரும் தமாஷ் என்று சிரித்தார்கள். தினமும் சாயங்காலம் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, உருண்டை உடைப்பார். ஒரு கூட்டம் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அந்த நேரம்தான் பெண்கள் குறை சொல்ல வருகிற நேரம். வருவார்கள், கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பார்கள், போய்விடுவார்கள். அந்த வருஷம் எங்கள் வகையறாவில் ஒரு வழக்குகூட வரவில்லை என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்களாம். நம்ம பெரியவர் கட்டுக்கோப்பா வச்சிருக்காரு என்றார்களாம். நல்ல கட்டுக்கோப்பு!

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் புருஷன் வெளியூர் போன சமயம் பார்த்து ஓடிவந்தாள். அம்மாவைக்கூடப் பார்க்காமல் நேராகப் பெரியப்பா நாற்காலிக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள். தலையில் மாட்டியிருந்த அதை என்னவென்று நினைத்தாளோ! அவள் வீட்டில் அந்த மாதிரிப் பொருளெல்லாம் ஏது? ரேடியோ மாதிரி மெல்ல ஏதோ பாடும், நாம் பேசுவதும் கேட்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்லக் கூடாததையும் சொன்னாள். பெரியப்பா போனைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்டதே இல்லை. "பெரியப்பா ஒண்ணுமே சொல்லல பாப்பா. ஆனா கடைசி வரைக்கும் தலையாட்டினாரு. இனிமே கவலை இல்ல. அடுத்த கூட்டத்துல எடுத்துடுவாரு." "அக்கா, காதுல ஏதாவது மாட்டியிருந்தாரா?" என்று கேட்டேன். "ஆமா, கறுப்பா" என்றாள். நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அவள் நம்பவில்லை. "போடி. எதிர்ல உக்காந்து அழுதேன். கல்லா அவரு?" என்றாள்.

வெளியூர் போன புருஷன் திரும்பியதும் அவள் வாயை விட்டுவிட்டாள். எங்க பெரியப்பா காதுல போட்டாச்சு, இனிமே என்மேல கை வச்சுப் பாரு என்று புருஷனிடமே சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் திரண்டு வந்துவிட்டார்கள். நானும் ஹாஸ்டலில் பொய்க் காய்ச்சல் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பெரியப்பா குளித்து, விபூதி பூசி, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவர்கள் பக்கத்துப் பெரியவர்தான் எழுந்தார். "எங்க பையன் அடிக்கிறான்னு இந்தப் பொண்ணு உங்க காதுல போட்டதாச் சொல்லுது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, எங்களுக்கும் தெரியும். விழுந்துதா?"

"விழல" என்றார் பெரியப்பா.

அக்கா எழுந்துவிட்டாள். "எதிர்ல உக்காந்து சொன்னேனே பெரியப்பா! நீங்க தலையாட்டினீங்களே!"

"பாட்டுக்கு ஆட்டினேன்மா. நீ வந்து உக்காந்ததைப் பாத்தேன். பேசினதையும் பாத்தேன். ஒரு சொல்லும் காதுல விழல. நான் பொய் சொல்றவனா?"

நான் கூட்டத்துக்குள் புகுந்து, திருப்பத்தூர் கடையில் நான் சொன்னதைச் சொன்னேன். "நீங்கதானே பேசச் சொன்னீங்க" என்று கத்தினேன். பெரியப்பா கோபப்படவில்லை. "காதை அடைச்சுப் பாக்குறப்போ சொன்னே பாப்பா. கேட்டிருந்தா கேட்டேன்னு சொல்லிட்டுப் போறேன், எனக்கு இன்னா?" என்றார். சூடம் கொண்டுவரச் சொன்னார். ஏற்றி, காளியம்மன் முன்னால் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். சத்தியமான சத்தியம். ஒரு எழுத்துகூட அதில் பொய் கிடையாது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. காதில் விழாததை விழுந்தது என்று சொன்னவள் அக்கா என்று ஆகிவிட்டது. "மொதல் பேச்சே பொய். இவ சொல்ற மத்ததை எப்பிடி நம்புறது?" என்றார் அவர்கள் பெரியவர். எங்கள் பக்கத்து ஆண்களும் அதானே என்றார்கள். முதுகைக் காட்டுகிறேன் என்று அக்கா அழுதாள். பொம்பளை கூட்டத்தில் முதுகைக் காட்டுவதா என்று பாதிப் பேர் எழுந்துகொண்டார்கள். கடைசியில் அவளைப் பெரியப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவைத்து, அவனோடு அனுப்பிவைத்தார்கள். அவள் விழுந்ததும் பெரியப்பா தலையைத் தொட்டு, "நல்லா இரு" என்றார். அதையும் மனதாரத்தான் சொன்னார். அவரை வெறுக்கக்கூட நிம்மதியாக முடியாது.

சில மாதம் கழித்து அக்கா தானாகவே நடந்து வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை, யார் காதிலும் போடவில்லை. அவன் அறைந்த அறையில் இடது காதுக்குள் ஜவ்வு கிழிந்து, ரத்தமும் சீழுமாக வந்திருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். புண் ஆறியது, காது வரவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் அம்மா காதுவலி என்று மட்டும் சொல்லிவைத்தாள். பிற்பாடு அக்கா மலை இறங்கி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். எந்தக் கூட்டமும் அவளைத் தீர்த்துவிடவில்லை. பெரியப்பா சாவுக்கு அவள் வரவில்லை. நான் கூப்பிடவுமில்லை.

அவள் ஆம்பூருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏன் வந்துவிட்டாய், என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி அக்கா கையில் வைத்தார்.

"வெளியூருக்குப் போறே. பாட்டு கேட்டுக்கினு இரு. நீயே வச்சுக்கோ."

அவருக்கு அவள்மேல் பாசம் இல்லையென்று யார் சொன்னது? அவரே அவள் தலையில் மாட்டிவிட்டார். போனில் பாட்டை ஓடவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஒரு பக்கம்தான் கேக்குது பெரியப்பா" என்றாள்.

"அப்பிடியா? காலையிலகூட நல்லா இருந்துதே." கழற்றி வாங்கினார். வயரை நீவிப் பார்த்தார். முனையைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி செருகினார். "புடி பாப்பா" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கீது" என்று சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. அக்கா இடது பக்கத்து முடியை ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தாள். அவள் பேசப்போகிறாள் என்று தெரிந்ததும் நான் பாட்டை நிறுத்தினேன்.

"அது நல்லாத்தான் இருக்குது பெரியப்பா. என் காதுதான் போச்சு. அவன் அறைஞ்சதுல போச்சு."

பாட்டு இல்லாவிட்டால் அந்த மெத்தைக்குள் பக்கத்திலிருப்பவர் பேசுவது நன்றாகவே விழும். அதை நானே மாட்டிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் நிரம்பி வழிந்தது. வலது கையால் மெத்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு ஓடுதும்மா" என்றார். "ஒண்ணும் கேக்கல."

அக்கா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பெரியப்பா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. எழுந்து, ஹெட்போனைக் கழற்றாமலே வாசலைத் தாண்டிப் போனார். போன் என் கையிலேயே இருந்தது. அதிலிருந்து பிடுங்கிக்கொண்ட வயர் அவருக்குப் பின்னால் மண்ணில் இழுபட்டுக்கொண்டு போனது.